தேன்பையைத் தொடாத கரடி

நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவர் பேசி அனுப்பியிருந்த குறிப்பில்தான் சுகந்தி அதை முதலில் கேட்டாள்.

"ஏனுங்க, எங்க கரடி மறுபடியும் மயங்கி விழுந்துபோச்சு. இடுப்புப் பையில தேன் நெறைய இருக்குது. எடுத்துத் திங்க மாட்டீங்குது. வாயில்லா சீவன் வெரதம் கிரதம் இருக்குதா என்னன்னு கொஞ்சம் பாருங்க சாமி."

அவள் சிரித்துக்கொண்டே அதைக் குறைகள் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

நெடுவனம் என்பது அந்த விளையாட்டின் பெயர். கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே போனால் காடு, ஆறு, பாழடைந்த கோட்டை, அரக்கர்கள். ஊர் ஊராக ஆயிரக்கணக்கானோர் ஒரே காட்டில் அலைவார்கள். வெளியேறும்போது அது ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கும்: இன்று எப்படி இருந்தது? பேசலாம், எழுதலாம். தமிழில் வருகிறவற்றைக் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்து சுகந்தியும் மும்தாஜும் படித்தார்கள். இயந்திரமே படித்துத் தொகுத்துவிடும்தான். ஆனால் 'நல்லா வெச்சு செஞ்சீங்கடா' என்று ஒருவன் கடுப்பில் எழுதியதை அது பாராட்டுகளில் முதலாவதாக வைத்து மேலிடத்துக்கு அனுப்பிய பிறகு, இதற்கு ஆட்களே இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது.

பெரும்பாலும் ஒரே மாதிரிக் குறைகள். ஆற்றைக் கடக்கும் இடத்தில் படம் திக்குகிறது. மந்திரவாதிக்கு மீசை ஒட்டவில்லை. கடல் இந்த நிறத்திலா இருக்கும், வரைந்தவர் ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்து பார்க்கட்டும் என்று இராமேசுவரத்துப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். துணைகளைப் பற்றி மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. நெடுவனத்தில் எல்லோரிடமும் ஒரு சங்கு இருக்கும். ஊதினால் துணை வந்து நிற்கும். ஒருவருக்குக் கரடி, ஒருவருக்கு நாரை, ஒருவருக்குக் கல்லாலான ஆள். உடல் எதுவானாலும் குணம் ஒன்றுதான். களைத்து வந்தால் பேசாது. வென்று வந்தால் தானே பேச்சுக் கொடுக்கும். வாய் திறந்து கேட்பதற்கு முன்னால் தண்ணீர்க் குடத்தை எடுத்து வைக்கும். 'என் வீட்டில்கூட என்னை யாரும் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை' என்ற வரியை எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். படிக்கும்போதெல்லாம் சுகந்திக்குள், யாருக்கும் காட்டாத ஒரு சின்னப் பெருமை எழும்.

அந்தக் குணம் அவளுடையது. துணைகளுக்குப் பழக்கவழக்கம் கற்றுத்தர நிறுவனம் முன்பு ஆள் எடுத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் கணவன் மறுக்கவில்லை. தலையில் கண்ணாடி, கைகளில் உறை. விளையாட்டுக்குள் அவள்தான் கரடி; அவள் கை அசைந்தால் கரடியின் கை அசையும். சங்கு ஊதி அழைப்பவராக நிறுவனத்து ஆள் ஒருவர் இருப்பார். பகலெல்லாம் அவரோடு காட்டில் நடந்து, சண்டைக்குப் போய், முகாமுக்குத் திரும்ப வேண்டும். இயந்திரம் பின்னால் இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும். அவளைப் போலப் பல பெண்கள் கற்றுக்கொடுத்தார்கள். வெளியே விட்டுப் பார்த்தபோது ஜனங்கள் பிரிய மனமில்லாமல் ஒட்டிக்கொண்டது சுகந்தி வளர்த்த துணையோடுதான். தமிழில் விளையாடும் எல்லோருக்கும் அதையே கொடுத்தார்கள். அவளுக்கும் ஐந்தாம் மாடியில் ஒரு நாற்காலி கிடைத்தது. நாற்பது வயதுவரை யாரும் அவளிடம் 'நீ செய்தது நன்றாக இருந்தது' என்று சொன்னதில்லை. இப்போது முகம் தெரியாத ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த மாதம் நெடுவனத்தில் புதிதாகப் பசியைக் கொண்டுவந்திருந்தார்கள். துணைகளுக்கு மட்டும். நடந்தால், சண்டையிட்டால் துணைக்குப் பசிக்கும். அதன் பையில் உணவு இருக்கும். எடுத்துத் தின்றால் தெம்பு திரும்பும். மற்ற மொழிகளில் துணைகள் தின்றுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தன. தமிழில் மட்டும் வரிசையாக விழுந்தன.

"சுகந்தியக்கா, இங்க ஒரு நாரை," என்றாள் மும்தாஜ் பக்கத்து மேசையிலிருந்து. "மீன் கூடையப் பக்கத்துலயே வெச்சுட்டு மவுத்தாயிருக்குது. நோன்பு தொறக்க மறந்துருச்சாட்ட இருக்குது."

சிரித்துக்கொண்டே சுகந்தி அடுத்த குறிப்பைத் திறந்தாள். யாரோ கல்லூரி மாணவன் எழுதியது. பல நாள் கவனித்துப் பார்த்ததாகச் சொல்லியிருந்தான். நான் ஏதாவது சாப்பிட்டால் உடனே அதுவும் சாப்பிடுகிறது. ஆனால் விளையாடுகிறவனுக்கு இந்தக் காட்டில் பசி கிடையாது, நான் எதற்குச் சாப்பிட வேண்டும்? நான் சாப்பிடாததால் அது காத்திருக்கிறது. காத்திருந்து காத்திருந்து விழுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று நான் அழுதுவிட்டேன்.

சுகந்தி அதை முதலிலிருந்து மறுபடி படித்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

*

பிரிவின் பொறுப்பாளர் ஆதவன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சென்னைக்காரர், அவளைவிட இளையவர். பயிற்சி நாட்களில் அழைப்பவராக அவளோடு காட்டில் நடந்தவர் அவர்தான்.

இந்தப் பழக்கத்தை யாரும் எழுதிச் சேர்க்கவில்லை என்று அவர் விளக்கினார். கரடி தானாகக் கற்றது. பயிற்சியின்போது முகாமில் அலங்காரத்துக்காக உணவு வைத்திருந்தார்கள். அவர் விளையாட்டாக எடுத்துத் தின்றால்தான் அவளுடைய கரடியும் தின்றிருக்கிறது. ஒருநாள்கூட அது முந்தியதில்லை. பதிவுகளைப் போட்டுப் பார்த்த பிறகே அவருக்கும் தெரிந்ததாம். பொறியாளர்கள் ஒரு வரி சேர்த்து, பசி முற்றினால் கட்டாயம் தின்ன வைத்தும் பார்த்தார்கள். கரடி தின்றது. தின்றுவிட்டு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. மீதித் தேனை அழைப்பவர் காலடியில் தள்ளித் தள்ளி வைத்தது. அதன் பிறகு சங்கு ஊதியும் சண்டைக்கு எழவில்லை.

"அதனால அந்த வரிய எடுத்துட்டோம்," என்றார். "ஆனா மேலிடத்துல இதக் குறையாவே பாக்கல மேடம். ஒரு தாய் மாதிரி இருக்குன்னு நெகிழ்ந்துட்டாங்க."

மேலிடத்தின் யோசனையை அவர் சொல்லச் சொல்ல சுகந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் குணத்தை எல்லா மொழிகளுக்கும் கொண்டுபோகப் போகிறார்கள். தன் துணை பட்டினியாகக் காத்திருக்கிறது என்று தெரிந்தால் யாரால் ஒருநாள் வராமல் இருக்க முடியும்? தினமும் வந்து ஒரு வாய் தின்றுவிட்டுப் போவார்கள். குறிப்புகளைப் படிக்கிறவர்கள் இது மக்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். படிக்கிறவர்களில் மூத்தவள் சுகந்தி. வெள்ளிக்கிழமைக்குள் அவள் எழுதித் தர வேண்டும்.

"பாசம்னா இதுதான்னு சொல்றாங்க. நியாயமா விருது உங்களுக்குத்தான் வரணும்."

அவள் தலையாட்டினாள். பேருந்தில் வீடு திரும்பும்போது பாசம் என்ற சொல்லையே மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் தேனின் மணம் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

*

கூடத்தில் மகள் தர்ஷிகா கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய கரடிக்கு உருளை என்று பெயர். அவள் பார்ப்பது சுவர்த் திரையிலும் தெரிந்தது. முகாம் குடிசைக்குள் அந்தப் பெரிய கருத்த உருவம் தலை தொங்க நின்றுகொண்டிருந்தது. இடுப்பில் தேன்பை.

"இது என்ன கண்ணு, இப்படித் தள்ளாடுது?"

"போட்டிம்மா. எங்க கிளாஸ்ல எல்லாரும் வெக்கறோம். யாரோட துணை அதிக நேரம் தாங்குதுன்னு. உருளைதான் ஜெயிக்கும் பாரு."

"பாவம், ஒரு வாய் நீ தின்னுட்டீன்னா அதுவும் திங்குமாமே."

"தின்னுட்டா தோத்துருவேன்ல?" என்றவள் திரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நான் வர்ற வரைக்கும் கை வெக்கக் கூடாது. தெரிஞ்சுதா?"

சுகந்தியின் கணவன் லோகநாதன் கத்துகிறவன் அல்ல. அவனும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வான். கடைசியில் அந்தத் 'தெரிஞ்சுதா'வைத் தனியாக எடுத்து வைப்பான். பதினான்கு வயதுப் பெண்ணின் வாயில் அது அச்சுப் பிசகாமல் வந்திருந்தது.

"அதுக்கும் பசிக்குமில்ல?" என்றாள்.

"பசிச்சாலும் நான்தாம்மா அதுக்கு முக்கியம்."

"உனக்கு யாரு சொன்னா?"

தர்ஷிகா கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னாள். "யாரு சொல்லணும்? நீ அப்படித்தான இருக்கற."

சுகந்தி சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுக்கும் பசித்தது. மதியம் அலுவலகத்தில் தின்றது எப்போதோ கரைந்திருந்தது. குழம்பு கொதித்தது, மணம் வந்தது, அவள் அதைத் தொடவில்லை. காது மட்டும் வாசலில் இருந்தது. முன்பு லோகநாதனிடம் பெட்ரோல் வண்டி இருந்தது. தெருமுனையில் அவன் வேகத்தைக் குறைக்கும் விதத்திலேயே அன்றைக்கு பம்ப் பட்டறையில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மின்சார வண்டி வந்து அந்தச் சத்தத்தைப் பறித்துக்கொண்டபோது சில வாரம் கண்ணைக் கட்டி விட்டதுபோல் இருந்தது. பிறகு வாசல் கேட்டின் தாழ்ப்பாள் ஓசையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே இழுப்பில் திறந்தால் நல்ல நாள். இரண்டுமுறை தட்டித் திறந்தால் பேசாமல் தண்ணீரை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

எப்போதிலிருந்து இப்படி? அவளுக்கு அந்த நாள் தெரியும். நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள், அவ்வளவுதான். தர்ஷிகா கைக்குழந்தை. பால் கொடுத்துக் கொடுத்து வயிறு இழுத்துப் பிடிக்க, மதியம் அவன் வருவதற்கு முன்னால் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் வந்து பார்த்தான். தட்டை எடுத்துப்போய்ப் பின்வாசலில் வீசினான். கை கழுவி வந்து உட்கார்ந்து, "போடு" என்றான். போட்டாள். அதற்குப் பிறகு அவன் தட்டை எறிய வேண்டிய தேவையே வரவில்லை.

தாழ்ப்பாள் ஒரே இழுப்பில் திறந்தது. அவள் மூச்சு தானாக இறங்கியது. மூச்சு இறங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தாள்.

*

"இது பாசமில்லைங்க சார்," என்றாள் மறுநாள். "பயமுங்க."

ஆதவன் சிரித்துவிட்டார். "கரடிக்கா? யாரப் பாத்து மேடம்? பயிற்சி முழுக்க நான்தானே கூட இருந்தேன். உங்கள ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லையே."

"நீங்க பேசலைங்க."

"அப்புறம்?"

அவள் அவருடைய மேசைமேல் இருந்த பேனாக்களைப் பார்த்தாள். "நீங்க பேசலைங்க சார்," என்றாள் மறுபடியும், அதே குரலில்.

ஆதவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கலைந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவரும் பேனாக்களைப் பார்த்தார்.

அவர் நம்புவதற்காக ஒன்று செய்யச் சொன்னாள். நெடுவனத்தில் ஒவ்வொரு முகாமுக்கும் மூங்கில் படல் உண்டு. அதைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வர வேண்டும். முதலில் சாதாரணமாக, பிறகு வெளியே போய், இரண்டுமுறை தட்டிவிட்டு. முதல் முறை கரடி வாசலுக்கே வந்து அவர் தோளை முகர்ந்தது. இரண்டாம் முறை அவர் உள்ளே நுழைவதற்குள் தண்ணீர்க் குடம் வாசலில் இருந்தது. கரடி எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றது. தேன்பையின் மேல் ஒரு கை. பை இருப்பதே தெரியாதபடி மறைத்துக்கொண்டு.

அவர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதேதான்.

"அப்போ அந்தப் படல் அடிக்கடி சிக்கிக்கும்," என்றார் கடைசியில். "ரெண்டு தட்டு தட்டித் திறப்பேன். நீங்க ஒதுங்கிப் போவீங்க. நான் அத மரியாதைன்னு நினைச்சேன்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எல்லாரும் கொண்டாடறாங்களே மேடம் இத."

"கொண்டாடுவாங்க சார். இப்படி ஒருத்தர் வீட்டுல இருந்தா எல்லாருக்கும் சௌகரியமாத்தான இருக்கும்?"

வெள்ளிக்கிழமை அவள் எழுதிக் கொடுத்தது சில வரிகள்தான். இதை வேறு மொழிகளுக்குக் கொண்டுபோக வேண்டாம். தமிழிலும் மாற்ற வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் துணைகளைப் பட்டினி போட்டு ஆட்டம் ஆடுகிறார்கள். இது அன்பு அல்ல, அச்சம். கற்றுக்கொடுத்தவள் என்பதால் எனக்குத் தெரியும். கடைசி வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். அதைப் படித்த கணத்தில், இத்தனை நாள் முகம் தெரியாதவர்கள் சொன்ன பாராட்டெல்லாம் கையைவிட்டுப் போவது தெரிந்தது. இருந்தும் அனுப்பினாள்.

மேலிடம் அவளுடைய கடைசி வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளின் பட்டினிப் போட்டி வெளியே தெரிந்தால் பெயர் கெடும் என்பதில்தான் அவர்கள் கலங்கினார்கள். மாற்றுங்கள், ஆனால் சீக்கிரம் என்று பதில் வந்தது.

மாற்றுவதென்றால் மறுபடி யாராவது கரடியாக இருந்து, அழைப்பவருக்கு முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். ஒருமுறை போதாது, பழக்கமாகும்வரை.

"கைய இடுப்புக்குக் கொண்டுபோங்க, தேன எடுங்க, வாயில வைங்க. அவ்வளவுதான் மேடம்," என்றார் ஆதவன். அவர் பக்கத்து அறையில் அழைப்பவராக உட்கார்ந்தார். சுகந்தி உறைகளை மாட்டினாள்.

அது பொம்மைத் தேன். தின்றால் வயிறு நிறையாது, தின்னாவிட்டால் காயாது. எதிரே நிற்பது ஆதவன், அவளிடம் குரல் உயர்த்தாத மனிதர். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கைக்குத்தான் தெரியவில்லை. பை வரைக்கும் போனது, திரும்பி வந்தது. மறுபடி போனது, வந்தது. பதிவை ஓட்டிப் பார்த்தபோது அந்தப் பெரிய கரடி இடுப்பில் மொய்க்கும் ஈயை விரட்டுவதுபோலவே இருந்தது. பின்னால் நின்று பார்த்த மும்தாஜ் அன்று ஒரு கேலியும் பேசவில்லை. "வாங்கக்கா, டீ குடிக்கலாம்," என்று தோளைத் தொட்டாள்.

அப்படியானால் நீங்கள் செய்யுங்கள் என்று ஆதவன் மும்தாஜைக் கேட்டார்.

"என்னக் கேக்காதீங்க சார். எங்கூட்டுல நானும் கடைசிப் பந்திதான்."

வேறு வழியில்லாமல் ஆதவனே கரடியாகி உட்கார்ந்தார். நன்றாகச் சாப்பிட்டார். பையைக் காலி செய்தார். ஆனால் அழைப்பவர் உள்ளே வந்ததையோ, அடிபட்டு நொண்டியதையோ அவர் கவனிக்கவில்லை. பதிவைப் பார்த்துவிட்டு அவரே உறைகளைக் கழற்றிச் சுகந்தியிடம் நீட்டினார். "உங்க கரடிதான் வேணும் மேடம். அது சாப்பிடவும் வேணும். எனக்கு வேற சொல்லத் தெரியல."

*

அன்று மாலை வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. அவள் ஒரு தட்டை எடுத்தாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மேசையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். தர்ஷிகா வீட்டுப்பாடத்திலிருந்து தலைதூக்கினாள்.

"அம்மா, அப்பா இன்னும் வரல."

"தெரியும் கண்ணு. பசிக்குது."

முதல் வாயை மெதுவாக மென்றாள். தண்ணீர் குடித்து இறக்கினாள். இரண்டாவது கொஞ்சம் எளிதாக இருந்தது. குழம்பு சூடாக இருக்கும்போது இவ்வளவு ருசியா என்று ஒரு நினைப்பு வந்தது. தன் சமையலை அவள் சூடாகத் தின்று வருடக்கணக்காகியிருந்தது.

தாழ்ப்பாள் தட்டியது. ஒருமுறை. இரண்டாம் முறை.

உடம்பு எழப் பார்த்தது. இடக்கையால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லோகநாதன் உள்ளே வந்து நின்றான். தட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"ஆச்சா?"

"பாதி ஆச்சுங்க. நீங்க கை கழுவிட்டு வாங்க."

"யாரு போடுவா?"

"எச்சக் கைங்க," என்றாள் சுகந்தி. "குழம்பு அங்கதான் இருக்குது."

தர்ஷிகா எழுந்தாள். "நீ உக்காரு," என்றாள் சுகந்தி, அவளைப் பார்க்காமலே. பெண் உட்கார்ந்தாள்.

அவன் மேசையருகே வந்தான். அவன் கை தட்டின் விளிம்பில் பட்டது. அந்தக் கையில் பம்ப் எண்ணெயின் கறை நகக்கண்ணில் இருப்பதை அவள் பார்த்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த விரல்கள் தட்டைவிட்டு அகலவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்ததாலா, வயது ஏறியதாலா, அவள் கையை எடுக்காததாலா, அவன் தன் கையை எடுத்துக்கொண்டான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

அன்று அவன் சாப்பிடவில்லை. அவள் ஒவ்வொரு வாயையும் கல்லைப்போல் விழுங்கித் தட்டைக் காலி செய்தாள். மறுநாளும் அவன் பேசவில்லை. ஆனால் சமையலறையில் கரண்டி உருளும் சத்தம் கேட்டது. எது எந்தப் பாத்திரத்தில் இருக்கிறதென்று தெரியாமல் ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டிருந்தான். அவள் எழுந்து போகவில்லை. பேசாத நாட்கள் வாரமாயின. அவள் தினமும் முதலில் சாப்பிட்டாள்.

அந்த வாரத்தின் முடிவில் உறைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது கரடியின் கை பைக்குள் போனது.

*

புதிய துணை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு குறிப்புகள் கொட்டின. நாமக்கல் ஓட்டுநருக்கு மகிழ்ச்சி. "இப்பதானுங்க எங்க கரடிக்குப் புத்தி வந்திருக்குது," என்றார். நிறையப் பேருக்குக் கோபம். இதற்கு முன்போல் பாசம் இல்லை, சோற்றைப் பார்த்தால் என்னை மறந்துவிடுகிறது, பழைய துணையைத் திருப்பிக் கொடுங்கள். அழுததாக எழுதிய கல்லூரி மாணவன் எழுதியிருந்தான்: அது எனக்காகக் காத்திருக்காதது முதலில் வலித்தது, பிறகு, அது விழாமல் கூட நடப்பது நன்றாக இருக்கிறது. சுகந்தி எல்லாவற்றையும் நேர்மையாகத் தொகுத்து அனுப்பினாள். பாராட்டுகள் பக்கம் முன்பைவிட மெலிந்திருந்தது.

ஒரு மாலை அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து தர்ஷிகா கூப்பிட்டாள்.

"அம்மா, உருளைய இங்க பாரேன். கேக்காமயே எடுத்துத் திங்குது."

"பசிச்சிருக்கும்."

"எனக்கு அது திங்கறதப் பாக்கப் புடிச்சிருக்குது," என்றாள் பெண். தாழ்த்தாத குரல், அவளுடையதேயான குரல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆனா ஏம்மா அது படலையே பாத்துட்டுத் திங்குது? நான் இங்கதான இருக்கறேன்?" என்றாள்.

சுகந்தி திரையைத் திரும்பிப் பார்த்தாள். குடிசைக்குள் கரடி உட்கார்ந்து தேனை வழித்துத் தின்றது. வாய் மென்றது. முகம் படலின் பக்கம் இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் காதுகள் ஒருமுறை நிமிர்ந்து அடங்கின. அவள் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. சாப்பிட மட்டும்தான் கற்றுக்கொடுத்தாள்.

பிறகு தன் மேசையைப் பார்த்தாள். தட்டு, தண்ணீர், எதிரே நேராகத் திறந்திருந்த வாசல்.

அவள் எழுந்தாள். இடக்கையால் நாற்காலியைத் தூக்கி மேசையின் மறுபக்கம் போட்டாள். தட்டை நகர்த்திக்கொண்டு வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து சன்னலும், பக்கத்து வீட்டு முருங்கையும், கூடத்தில் மகளின் பின்னலும் தெரிந்தன. முதுகு முழுவதும் காதாகிவிட்டதுபோல் இருந்தது.

வெளியே தாழ்ப்பாள் அசைந்தது. ஒருமுறையா, இரண்டுமுறையா என்று அவள் எண்ண ஆரம்பிப்பதற்குள் அடுத்த வாய்ச் சோற்றை எடுத்து வாயில் வைத்து, மெல்லத் தொடங்கினாள்.